எல்லையைக் காப்பது ஒருவர், பில் வருவது இன்னொருவர் பெயருக்கு

"டெக்சாஸ் மாநிலம் எல்லைக் காவலுக்காக 1,100 கோடி டாலருக்கு மேல் செலவழித்துவிட்டு, அதை வாஷிங்டன் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டது. எல்லை மத்திய அரசின் பொறுப்பு என்றால் மாநிலம் ஏன் அதில் இறங்கியது? தானாக இறங்கியது என்றால் மத்திய அரசு ஏன் பணம் தர வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எல்லையில் உத்தரவு போடும் அதிகாரம் யாருக்கு என்பது ஒன்று. அந்த எல்லையால் வரும் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுப் பழைய பதில் உண்டு. இரண்டாவது கேள்விக்குச் சட்டம் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. நண்பரின் குழப்பத்துக்குக் காரணம் அவர் அல்ல, அந்த மௌனம்தான்.

நான் வழக்கறிஞன் அல்லன். தெற்கு டெக்சாஸில் ஒரு கவுண்டியின் கணக்குத் துறையில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டத்தைப் போன்ற ஒரு நிர்வாக அலகு. ஷெரிப் எனப்படும் உள்ளூர்க் காவல் தலைவர், சிறைச்சாலை, உள்ளூர்ச் சாலைகள், ஆதரவற்றோரின் அடக்கம் எல்லாம் அதன் பொறுப்பு. மானியத்துக்கு விண்ணப்பிப்பதும், செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தீர்மானிப்பதும் என் அன்றாட வேலையாக இருந்தன. சட்டத்தைப் பற்றித் தீர்ப்புகளைப் படித்தவன் என்ற அளவில் மட்டுமே பேச முடியும். செலவைப் பற்றிப் பில்லைக் கையில் பிடித்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

முதலில் அதிகாரம். அமெரிக்க அரசியல் சாசனத்தில் 'குடிவரவு' என்ற சொல்லே இல்லை. குடியுரிமை வழங்கும் விதிகளை வகுப்பதும் வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவதும் மத்திய நாடாளுமன்றமான காங்கிரஸின் வேலை என்று முதல் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு மாநிலத்தையும் படையெடுப்பிலிருந்து மத்திய அரசு காக்க வேண்டும் என்று நான்காம் பிரிவு சொல்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 355ஆம் பிரிவை அறிந்தவர்களுக்கு இந்த வாசகம் பழக்கமானதாகத் தோன்றும். மற்றதை எல்லாம் நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு கட்டி எழுப்பின. சுவையான செய்தி என்னவென்றால், அந்தக் கட்டுமானத்தின் அடித்தளமே ஒரு பணத் தகராறுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வந்திறங்குவோரைக் கவனித்துக்கொண்டது மத்திய அரசு அல்ல. துறைமுகம் இருந்த மாநிலங்கள். கப்பலில் வரும் ஒவ்வொரு பயணிக்கும் 300 டாலர் பிணைப்பத்திரம் கொடு, அல்லது தலைக்கு ஒன்றரை டாலர் கட்டு என்று நியூயார்க் கப்பல்காரர்களிடம் வசூலித்தது. நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஆகும் செலவு அந்தப் பணத்திலிருந்து போயிற்று. கலிபோர்னியாவில் இதே முறை அசிங்கமான வடிவம் எடுத்தது. 1874இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த ஒரு கப்பலில் இருந்த 22 சீனப் பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று மாநில அதிகாரி ஒருவர் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்து, ஆளுக்கு 500 டாலர் பிணை தங்கமாகக் கட்டினால்தான் இறங்கலாம் என்றார். 1876இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மாநிலச் சட்டங்களையும் தூக்கி எறிந்தது. அயல்நாட்டு மக்களை ஒரு மாநிலம் நடத்தும் விதத்தால் நாடு முழுவதும் வேறொரு நாட்டுடன் சண்டையில் சிக்கிக்கொள்ளக்கூடும், ஆகவே இது மத்திய அரசின் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அன்று சொன்ன காரணம். இன்றைய தீர்ப்புகளிலும் அந்தக் காரணம்தான் ஓடுகிறது.

அடுத்து நடந்ததை வழக்கு விவரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வசூலிக்கும் உரிமை மாநிலத்திடமிருந்து பறிபோயிற்று. வந்திறங்கும் மக்கள் நிற்கவில்லை. நியூயார்க் தன் சொந்தப் பணத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முடியாது, கதவைச் சாத்திவிடுவோம் என்று அது ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பிறகுதான் 1882இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, தலைக்கு 50 சென்ட் வரி விதித்து, அதை மாநில வாரியங்களுக்குச் செலவுக்குக் கொடுத்தது. முழு நிர்வாகத்தையும் மத்திய அரசு ஏற்றது 1891இல்தான். வந்திறங்குவோரைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவு நிலையம் அதற்கு அடுத்த ஆண்டு திறந்தது. அதிகாரம் ஒரே நாளில் மேலே போயிற்று. பணம் கீழே வர ஆறு ஆண்டுகள் ஆயின. டெக்சாஸ் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆறு ஆண்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அதிகாரக் கேள்வியில் உறுதியாகச் சொல்லக்கூடிய வேறு சிலவும் உண்டு. குடிவரவுக் குற்றங்களுக்குத் தன் சொந்தச் சட்டத்தால் தண்டனை தர முயன்ற அரிசோனாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை 2012இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மத்திய அரசு போதிய அளவு கைது செய்யவில்லை என்று மாநிலங்கள் வழக்குத் தொடர முடியாது என்று 2023இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இதன் மறுபக்கமும் அதே அளவு உறுதியானது. மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலைக்காரர்களாக ஏவ முடியாது என்பது 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு. குடிவரவுத் துறைக்கு உதவ மறுக்கும் நகரங்கள் சாய்ந்து நிற்பது இந்தத் தூணில்தான்.

இப்போது செலவு. 1990களின் நடுவில் கலிபோர்னியா, அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா, நியூயார்க், நியூ ஜெர்சி ஆகிய ஆறு மாநிலங்கள் தனித்தனியாக மத்திய அரசின் மீது வழக்குப் போட்டன. உன் எல்லையை நீ காக்காததால் பள்ளி, சிறை, மருத்துவமனை என்று எங்களுக்கு இத்தனை கோடி செலவு, அதைக் கொடு என்பதுதான் வாதம். இன்றைய கட்சிச் சண்டையை அப்படியே அன்றைக்குப் பொருத்திப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளிண்டன் அரசுக்கு எதிராக 1994இல் வழக்குப் போட்ட புளோரிடாவின் ஆளுநர் கிளிண்டனின் சொந்தக் கட்சிக்காரர். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரின் இடம் அது.) ஆறு மாநிலங்களும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் தோற்றன. படையெடுப்பு என்ற சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல, அது அரசியல் கேள்வி என்று நீதிபதிகள் ஒதுங்கினார்கள். எவ்வளவு தர வேண்டும் என்பதைக் காங்கிரஸிடம் போய்க் கேளுங்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்புகளின் சாரம். ஆகவே நண்பரின் கேள்விக்கு ஒரு பகுதி விடை: சட்டப்படி மத்திய அரசு தர வேண்டிய கட்டாயம் இல்லை. காங்கிரஸ் மனம் வைத்தால் தரலாம்.

நடைமுறையில் யார் பணம் தருகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டின் வீரர் ஒருவரின் சம்பளச் சீட்டைப் பார்த்தால் போதும். என் அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி ஓர் இளைஞர் இருந்தார். மாதம் ஒரு வார இறுதி அந்தப் படையில் பயிற்சிக்குப் போவார். அவர் அணிந்த சீருடை என்றும் ஒன்றுதான். ஆனால் அழைப்பாணையின் வகையைப் பொறுத்து அவருக்குச் சம்பளம் தருபவர் மாறுவார். மத்திய அரசு நேரடியாக அழைத்தால் கட்டளையும் சம்பளமும் வாஷிங்டனுடையவை. இடைப்பட்ட ஒரு வகை உண்டு. அதில் கட்டளை ஆளுநருடையது, சம்பளம் மட்டும் வாஷிங்டனுடையது. 2006இல் புஷ் ஆறாயிரம் பேர் வரை எல்லைக்கு அனுப்பியது இந்த முறையில்தான். மூன்றாவது வகை மாநிலப் பணி. கட்டளையும் ஆளுநருடையது, சம்பளமும் மாநிலக் கருவூலத்திலிருந்து. 2021 மார்ச்சில் டெக்சாஸ் ஆளுநர் அபாட் தொடங்கிய 'ஆபரேஷன் லோன் ஸ்டார்' என்ற எல்லைக் காவல் நடவடிக்கை இந்த மூன்றாவது வகை. அந்த இளைஞர் அதில் மாதக்கணக்கில் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் நின்றார். அந்த நாட்கள் அவருடைய மத்திய ராணுவ ஓய்வூதியக் கணக்கில் சேரவில்லை. காயம் பட்டிருந்தால் மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீடுதான் கிடைத்திருக்கும். அதே 2021இல் தெற்கு டகோட்டா ஆளுநர் தன் வீரர்களை டெக்சாஸுக்கு அனுப்பத் தனியார் அறக்கட்டளை ஒன்றிடமிருந்து பத்து லட்சம் டாலர் நன்கொடை வாங்கினார். ஆயுதம் தாங்கிய அரசுப் படையின் செலவைத் தனியார் பணம் ஏற்பதை நான் இன்றும் ஏற்கவில்லை. அது அன்று சட்டத்தில் இருந்த ஓட்டை. வேறு மாநிலத்துக்குப் படை அனுப்பத் தனியார் பணம் வாங்குவதை, இயற்கைப் பேரிடர் தவிர, அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் தடை செய்தது.

லோன் ஸ்டார் செலவு ஏன் இவ்வளவு ஏறியது என்பதற்கும் அதிகாரக் கேள்விதான் காரணம். குடிவரவுக் குற்றத்துக்காக மாநிலத்தால் அப்போது கைது செய்ய முடியவில்லை. ஆகவே மாநிலச் சட்டத்தில் உள்ள அத்துமீறி நுழைதல் என்ற சிறு குற்றத்தின் கீழ் ஆட்களைப் பிடித்தார்கள். பிடித்தால் காவலில் வைக்க இடம் வேண்டும். டெக்சாஸில் டில்லி (Dilley) என்ற சிற்றூரில் இருந்த மாநிலச் சிறை ஒன்றை இதற்காகவே மாற்றினார்கள். வழக்கு நடத்த நீதிபதி வேண்டும், வசதியற்றவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் கவுண்டியின் நீதிமன்றத்திலும் ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவிந்தன. இதோடு மாநிலத்தின் சொந்தச் சுவர், ரியோ கிராண்டே ஆற்றில் மிதவைத் தடுப்பு, முள்கம்பி, வந்தவர்களை நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் ஏற்றிச் சென்ற பஸ்கள். 2024 ஜனவரியில் ஈகிள் பாஸ் நகரின் ஷெல்பி பூங்காவை மாநிலப் படை கைப்பற்றி, மத்திய எல்லைக் காவலர்களையே உள்ளே விட மறுத்தது. அதே மாதம் மாநிலம் போட்ட முள்கம்பியை மத்திய காவலர்கள் வெட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அனுமதித்தது. ஓர் அரசு பணம் கொடுத்துக் கட்டிய கம்பியை இன்னோர் அரசு பணம் கொடுத்து வெட்டும் நிலை. இரண்டுமே அதே மக்களின் வரிப்பணம்.

2025 ஜனவரியில் டெக்சாஸ் ஏறக்குறைய 1,110 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டது. அந்த ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரும் வரிச் சட்டத்தில் மாநிலங்களின் எல்லைச் செலவுகளுக்காக 1,000 கோடி டாலர் நிதி ஒன்றும், அதன் கூடவே 350 கோடி டாலர் நிதி ஒன்றும் சேர்க்கப்பட்டன. ஆறு மாநிலங்கள் நீதிமன்றத்தில் கேட்டுக் கிடைக்காதது காங்கிரஸில் கிடைத்தது. 1990களின் அந்த வழக்குகளில் நீதிபதிகள் காட்டிய வாசல்தான் அது. ஆனால் அந்த வாசல் திறப்பதும் மூடுவதும் யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வந்தவர்களைத் தங்க வைத்ததற்காக நியூயார்க் நகரத்துக்குக் கொடுத்த 8 கோடி டாலரை 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அதன் வங்கிக் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்துக்கொண்டது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி ஐயத்துக்கு உரியவை. லோன் ஸ்டார் பலன் தந்ததா என்று கேட்டால் நேர்மையாக ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. அது தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில்தான் தெற்கு எல்லையில் ஒரே மாதத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் பிடிபட்டார்கள். அது அதுவரை காணாத உச்சம். அதன் பிறகு எண்ணிக்கை இறங்கியது. மெக்சிகோ தன் பக்கம் கெடுபிடியைக் கூட்டியது, 2024 ஜூனில் பைடன் புகலிட விதிகளை இறுக்கினார், 2025இல் டிரம்ப் ஏறக்குறைய முழுவதுமாக அடைத்தார். கடக்கும் இடங்கள் டெக்சாஸிலிருந்து அரிசோனா, கலிபோர்னியா பக்கம் நகர்ந்தன என்று மாநிலம் சொல்வது 2024இன் எண்ணிக்கைகளோடு பொருந்துகிறது. அந்த நகர்வில் முள்கம்பிக்கு எவ்வளவு பங்கு, மற்றக் காரணங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும் கணக்கு எதையும் நான் நம்ப மாட்டேன். 'படையெடுப்பு' என்ற சொல்லின் கீழ் மாநிலம் தானே செயல்படலாம் என்ற வாதமும் ஐயத்துக்கு உரியதுதான். ஆட்கள் கடந்து வருவது அந்தச் சொல்லில் அடங்காது என்பதுதான் நான் படித்த தீர்ப்புகளிலிருந்து எனக்குக் கிடைக்கும் பொருள். உறுதியான முடிவை உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

இந்த விவாதத்தில் என்னைச் சங்கடப்படுத்துவது வேறொன்று. செலவில் இரண்டு வகை இருக்கிறது. ஓர் அரசு தானே முடிவெடுத்துச் செய்யும் செலவு ஒன்று. மறுக்கவே முடியாத செலவு இன்னொன்று. சுவரும் மிதவையும் பஸ்ஸும் முதல் வகை. வாக்காளரிடம் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த ஆளுநர். இரண்டாவது வகை வேறு. காகிதம் இல்லாத குழந்தைக்கும் பள்ளியில் இடம் தர வேண்டும் என்பது டெக்சாஸ் வழக்கு ஒன்றில் 1982இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அவசரச் சிகிச்சைக்கு வருபவர் யாராயினும் மருத்துவமனை பார்க்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். குற்றம் செய்து சிறைக்கு வந்த வெளிநாட்டவருக்கான செலவில் பங்கு தரும் மத்தியத் திட்டம் ஒன்று 1994இலிருந்து இருக்கிறது. அதற்கு ஒவ்வோர் ஆண்டும் கைதிகளின் பட்டியலைத் தயாரித்து அனுப்பியிருக்கிறேன். கைதி தொடர்ந்து நான்கு நாட்களாவது சிறையில் இருந்திருக்க வேண்டும், தண்டனை இன்ன வகையாக இருக்க வேண்டும், அதிலும் காவலர் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும். மூன்று வாரம் உட்கார்ந்து சரிபார்த்து அனுப்பும் பட்டியலுக்கு வந்த தொகை, எங்கள் சிறையின் உண்மைச் செலவில் ஒரு சிறு துண்டு. மாநிலங்கள் உரக்கக் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது வகைச் செலவை என்பது என் கருத்து. இங்கே உத்தரவு மேலிருந்து வந்தது. பணமும் மேலிருந்து வருவதுதான் நியாயம்.

இந்த நியாயத்துக்கு எண்ணிக்கையும் துணை நிற்கிறது. காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அந்த ஆண்டுகளில் திடீரெனப் பெருகிய குடிவரவால் மத்திய அரசின் பற்றாக்குறை 2034 வரையிலான காலத்தில் சுமார் 90,000 கோடி டாலர் குறையும் என்று சொன்னது. வந்தவர்கள் வேலை செய்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், அந்த வரியில் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போகிறது. அதே அலுவலகம் 2025இல் மாநில, உள்ளூர் அரசுகளின் கணக்கைப் பார்த்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அவற்றுக்குச் செலவு 1,930 கோடி டாலர், வரவு 1,010 கோடி டாலர், துண்டு விழுந்தது 920 கோடி டாலர். இரண்டும் மதிப்பீடுகள்தான், காலமும் ஒன்றல்ல, ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கக் கூடாது. திசை மட்டும் தெளிவு. வரவு மேலே, செலவு கீழே. எல்லை திறந்திருக்க வேண்டும் என்பவர்களும் அடைத்திருக்க வேண்டும் என்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கோரிக்கையோடு வாஷிங்டனுக்குப் போகலாம். இதுவரை போனதில்லை.

மறுக்க முடியாத செலவு என்றால் என்ன என்பதற்கு ப்ரூக்ஸ் கவுண்டியைச் சொல்ல வேண்டும். அது எல்லையிலேயே இல்லை. ஆற்றிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. மக்கள்தொகை சுமார் ஏழாயிரம். நெடுஞ்சாலையில் பால்பூரியாஸ் என்ற ஊருக்கு அருகே மத்திய எல்லைக் காவலின் சோதனைச் சாவடி இருப்பதால், கடத்துபவர்கள் ஆட்களை அதற்கு முன்பே இறக்கிவிட்டு, பண்ணை நிலங்களின் மணலில் சுற்றி நடக்கச் சொல்கிறார்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் விழுகிறார்கள். 2012ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிறு கவுண்டியில் 129 உடல்கள் கிடைத்தன. அடையாளம் தெரியாதவர்களைக் கவுண்டி அங்குள்ள கல்லறையில் புதைத்தது. 2013இலிருந்து பல்கலைக்கழக மானிடவியலாளர்கள் தோண்டிப் பார்த்தபோது ஒரே குழியில் பலருடைய எலும்புகள் இருப்பதைக் கண்டார்கள். சாவடியை அங்கே வைத்தது மத்திய அரசு. உடலைத் தேடிப் போக வேண்டியது கவுண்டியின் ஷெரிப்.

நான் வேலை பார்த்தது வேறு கவுண்டி. ஆனால் அங்கும் அந்தக் கோப்புகள் வந்தன. ஓர் உடலுக்கு ஒரு கோப்பு. முதல் தாளில் பண்ணைக்காரர் தொலைபேசியில் அழைத்த நேரம். அடுத்து ஷெரிப் ஆட்களின் கூடுதல் நேரச் சம்பளம், வண்டி ஓடிய மைல் கணக்கு. பிறகு உடலை ஏற்றிச் சென்ற அடக்க நிறுவனத்தின் பில், பிரேதப் பரிசோதனைக்காக வெளியூர் மருத்துவரின் பில், மரபணு மாதிரி எடுத்து அனுப்பிய ரசீது. கடைசியில் பெட்டிக்கும் குழிக்கும் ஆன தொகை. பெயர் எழுதும் இடத்தில் 'அறியப்படாதவர், ஆண்' என்றோ, 'அறியப்படாதவர், பெண்' என்றோ இருக்கும். ஒரு முறை மத்திய அலுவலகம் ஒன்றுக்கு இந்தச் செலவை அனுப்பிப் பார்த்தோம். எல்லைக் காவலுக்கான மானியத்தில் இது அடங்காது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எங்கள் கணக்கேட்டில் எல்லை என்ற தலைப்பே கிடையாது. ஆகவே அவர்கள் ஒவ்வொருவரையும் 'ஏழையர் அடக்கம்' என்ற பழைய தலைப்பின் கீழ், எங்கள் ஊரில் வீடற்று இறந்த முதியவர்களுக்கு அடுத்த வரியில் எழுதினேன்.